கீறல் விழுந்த ரெக்கார்டா?

கேள்வி: நாற்பது வருடமாகக் கச்சேரி கேட்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஃபிலிப் கிளாஸ் என்ற அமெரிக்கரின் இசையை வீட்டில் ஓயாமல் போடுகிறாள். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே வரி சுற்றுகிறது. சொன்னால், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்கிறாள். எனக்குத்தான் ரசனை போதவில்லையா? - ஒரு வாசகர், கோவை

பதில்: உங்களுக்கு வரும் எரிச்சல் பலருக்கும் வந்ததுதான். கிளாஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மேடையேறி கீபோர்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஒரு கையால் குத்து விட்டுவிட்டு, மறு கையால் வாசிப்பைத் தொடர்ந்ததாகக் கிளாஸே சொல்லியிருக்கிறார். 1976-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபெரா அரங்கில் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' என்ற ஆபெரா (இசை நாடகம்) நிறைந்த சபையில் நடந்தது. மிஞ்சியது கடன். அதன் பிறகும் பிழைப்புக்கு டாக்சி ஓட்டினார்.

ஆனால் இந்த இசைக்கு உங்கள் காது நன்றாகவே பழகியிருக்கிறது. 1960-களின் நடுவில், பாரிஸில் படித்துக்கொண்டிருந்த கிளாஸுக்கு ஒரு வேலை கிடைத்தது. சிதார் மேதை ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காக எழுதித் தர வேண்டும். தாளத்தைப் பிரிக்க எங்கே கோடு போட்டாலும் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்தது. தபலா மேதை அல்லா ரக்கா விடாமல் திருத்தினார். கடைசியில் கோடுகளையெல்லாம் அழித்தார் கிளாஸ். அப்போதுதான் இரண்டும் மூன்றுமாகச் சின்ன எண்ணிக்கைகள் சேர்ந்து நீளமான சுற்றாவது அவர் கண்ணில் பட்டது.

தீட்சிதர் கீர்த்தனையில் 'தியாகராஜ யோக வைபவம்' என்ற வரி 'யோக வைபவம்', 'வைபவம்', 'பவம்', 'வம்' என்று பசுவின் வாலாய்க் குறுகி வருவதை நீங்கள் எத்தனை தடவை ரசித்திருப்பீர்கள்! கிளாஸின் ஆரம்பகாலப் படைப்புகளில் அதே கணக்கு நீளவும் செய்யும், குறுகவும் செய்யும். ஐந்து ஸ்வரம் சுற்றும். நாம் அசந்த நேரத்தில் ஆறாவது வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே வரியை விதவிதமாக அழகுபடுத்தும் சங்கதி வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், மாறுகிற இடம் கைக்குத் தெரியும்.

ஐந்து மணி நேர 'ஐன்ஸ்டைன்' இப்போது வேண்டாம். 1980-ல் அரங்கேறிய அவருடைய 'சத்யாகிரஹா' ஆபெராவில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் கதை. பாடுவது முழுக்க கீதையின் சமஸ்கிருதம். மூன்றாம் அங்கம் 1913-ன் நியூகாசில் நடைப்பயணம். மூன்று பவுண்டு வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அந்தச் சுரங்கத் தொழிலாளர்களில் நம் தமிழர்கள் ஏராளம்.

அதன் முடிவில் காந்தி தனியாக நின்று ஓர் ஆரோகணத்தை மட்டும் பாடுவார். எட்டு ஸ்வரம், கீழிருந்து மேலே. மறுபடியும் கீழிருந்து. அப்படியே ஏறத்தாழ 30 தடவை. கவனித்துக் கேட்டால் நம் தோடி ராகத்தின் ஸ்வரங்கள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல்! முதல் சில சுற்றுகளில் எனக்கும் பொறுமை போனது. அப்புறம் எப்போது கண் கலங்கியது என்று தெரியவில்லை.

அவர் எழுதிய எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். பிற்காலப் படைப்புகள் சிலவற்றில் பழைய கைவரிசையையே திருப்பிப் போட்டிருக்கிறார் என்பது என் கருத்து. உங்கள் மகள் சண்டைக்கு வந்தாலும் சரி.

ஒரு ஞாயிறு மாலை அந்தக் கடைசிக் காட்சியை அவளோடு உட்கார்ந்து கேளுங்கள். அது முடிந்ததும் 'தியாகராஜ யோக வைபவம்' போடுங்கள், அவளும் தாளம் போடட்டும். அதற்குப் பிறகும் கிளாஸ் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். புரியாமல் சொல்கிறீர்கள் என்று அவளால் சொல்ல முடியாது.