ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கிறிஸ்தவ மாணவியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? விசுவாசத்தைக் காத்துக்கொண்டு படிக்க முடியுமா?

கேட்டவர் இந்த வருடம் கல்லூரியில் சேரப்போகிறவர் என்று தெரிகிறது. முதல் தடவையாக வீட்டை விட்டுத் தங்கப்போகிறீர்கள், அதில் ஒரு பயம். நான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. முடியும் என்பதுதான் என் பதில். எப்படி என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதம் சொச்சம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 47. அங்கே விசுவாசியாக இருக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும், குளித்துக் கிளம்புவோம். ராத்திரி எந்த வீட்டைத் தாண்டினாலும் குடும்ப ஜெபப் பாட்டு கேட்கும். ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று அந்தந்த வயசுக்கு ஒன்று இருக்கும். ஹாஸ்டலுக்கு வந்தால் இதில் ஒன்றுகூட இல்லை. எங்கள் அறையில் மூன்று பேர். ஒருத்தி தர்மபுரி, ஒருத்தி கரூர், அப்புறம் நான். பைபிளைக் கையில் எடுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள் தர்மபுரிக்காரி.

வந்த அன்றே அவர்களிடம் சொல்லிவிட்டேன்: காலையில் அரைமணி நேரம் பைபிள் வாசிப்பேன், ஜெபிப்பேன், ராத்திரி எட்டு மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும், அப்போதும் ஜெபம் உண்டு. இதைச் சொல்லிவிடுவது எவ்வளவு நல்லது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். ஒளித்து வைத்தால் அறையில் இருக்கிறவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். இப்போது எட்டு மணிக்கு அவர்களே பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அம்மா போனில் கீர்த்தனை பாட ஆரம்பித்தால் கரூர்க்காரி ராகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே முனகுவாள். அவள் கர்நாடக சங்கீதம் படித்தவள், "இது ஆனந்தபைரவி மாதிரி இருக்கே" என்பாள்.

வயல் பிராக்டிகல் இருக்கும் நாட்களில் ஆறரைக்கே சைக்கிளை எடுக்க வேண்டும், அதனால் ஐந்தரைக்கு எழுந்தால்தான் வாசிக்க முடியும். தூக்கம் வரும்தான். பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு பாட்டு, சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம், அவ்வளவுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யூடியூபில் பிரசங்கம் கேட்பதை இதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். பிரசங்கம் கேட்பது நல்லதுதான், ஆனால் வசனத்தை நீங்களே வாசித்துத் திணறும் அந்த நேரத்துக்கு அது ஈடாகாது.

பைபிள் எனக்குப் புரிய ஆரம்பித்ததே வயலில் இறங்கிய பிறகுதான் என்று சொல்வேன். எங்கள் படிப்பில் ஒரு துண்டு நெல் வயலைக் கொடுத்து, நாற்றங்காலிலிருந்து அறுவடை வரைக்கும் நீங்களே பாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். அதில் குதிரைவாலிப் புல் என்று ஒரு களை வரும். இளசில் அச்சு அசல் நெல் மாதிரியே நிற்கும். இலை தண்டோடு சேரும் இடத்தை விலக்கிப் பார்த்தால் நெல்லுக்கு வெள்ளையாகச் சவ்வு போல ஒரு சின்ன நாக்கு இருக்கும், இந்தப் புல்லுக்கு இருக்காது. குனிந்து ஒவ்வொரு குத்தாகப் பார்த்தால்தான் தெரியும். வளர விட்டுவிட்டால் வேர் பின்னிக்கொள்ளும், புல்லை இழுத்தால் பக்கத்தில் நெல்லும் கையோடு வரும்.

மத்தேயு 13-இல் கோதுமைக்குள் களை விதைத்த உவமையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். வேலைக்காரர்கள் பிடுங்கட்டுமா என்கிறார்கள், எஜமான் வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்பு வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்கிறார். அந்த எஜமான் ஏன் தயங்கினார் என்று சேற்றில் நின்றபோதுதான் புரிந்தது. (நெல்லில் நாங்கள் களை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மகசூல் போய்விடும். உவமை மனுஷரைப் பற்றியது.) எங்கள் ஜெபக்குழுவில் அவ்வப்போது, இவள் பெயருக்குத்தான் கிறிஸ்தவள், அவன் சபைக்கே வருவதில்லை என்று பேச்சு எழும். அந்தப் பேச்சில் நான் சேர்வதில்லை. யார் நெல், யார் புல் என்று பிரிக்கும் வேலையை அவர் நம்மிடம் கொடுக்கவில்லை.

சரி, நீங்கள் அதிகம் பயப்படும் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்: வேறு சமயத்தவர்களோடு எப்படி ஒரே அறையில் இருப்பது, பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஹாஸ்டலில் சைக்கிள்களை எல்லாம் கழுவி வரிசையாக நிறுத்துவார்கள். இந்த வளாகத்தில் சைக்கிள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி, சுண்டல், எலுமிச்சம்பழம் என்று அமர்க்களப்படும். முதல் வருடம் தர்மபுரிக்காரி குங்குமக் கிண்ணத்தோடு வந்து, "உன் சைக்கிளுக்கும் வைக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் கர்த்தரை மட்டும்தான் கும்பிடுகிறேன், அதனால் பூஜையில் சேர மாட்டேன், உங்கள் மேல் கோபமோ வெறுப்போ இல்லை என்று விளக்கினேன். "அட, அவ்வளவுதானே" என்று அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டாள். கழுவும் வேலையில் நான் எப்போதும் உண்டு. எல்லார் சைக்கிளுக்கும் செயினுக்கு எண்ணெய் போடுவது என் பொறுப்பு. தீபம் காட்டும் நேரத்தில் மட்டும் தள்ளி நின்றுகொள்வேன்.

பிரசாதம் பற்றி எங்கள் ஜெபக்குழுவிலேயே இரண்டு கட்சி. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுலே சொல்லியிருக்கிறார் என்பார்கள் சிலர். கூடவே கூடாது என்பார்கள் சிலர். இரண்டு பேரும் பவுல் எழுதிய முதலாம் கொரிந்தியர் நிருபத்தைத்தான் காட்டுவார்கள், ஒருவர் எட்டாம் அதிகாரம், இன்னொருவர் பத்து. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பவுலின் கவலை வேறு இடத்தில் இருக்கிறது: சாப்பாட்டால் நமக்கு ஏற்றமும் இல்லை, குறைவும் இல்லை, ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், அப்படிச் சொன்னவருடைய மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாதே என்கிறார். நான் அதன்படி வாங்குவதில்லை. வாங்கிச் சாப்பிடுகிற கிறிஸ்தவத் தோழிகளை நான் குறை சொல்வதும் இல்லை. சாப்பாட்டை வைத்து ஒருவரையொருவர் தீர்ப்பு செய்யாதிருங்கள் என்கிற ரோமர் 14-ஐ வாசித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

இதைத் தோழிகளிடம் சொல்லிவிட்டதால் என்ன நடந்தது தெரியுமா? விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்குப் போய் வந்த கரூர்க்காரி ஒரு சின்ன டப்பாவைத் தனியாக எடுத்து நீட்டினாள். "இது படைக்கறதுக்கு முன்னாடியே அம்மா உனக்குன்னு எடுத்து வச்சாங்க." தேங்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை. என்னை ஒரு தடவைகூடப் பார்க்காத அம்மா, பூஜை வேலைகளுக்கு நடுவில், யாரோ ஒரு கிறிஸ்தவப் பிள்ளையின் மனச்சாட்சிக்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். நம் நம்பிக்கையை மறைக்காமல் சொன்னால் உறவு முறிந்துவிடும் என்ற பயம் எனக்கு அன்றோடு போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மாவுக்கு எங்கள் அப்பாவின் தேன் ஒரு பாட்டில் போகிறது.

அப்பா தேனீ வளர்ப்பவர். ஜனவரிக்கு மேல் ரப்பர் மரம் துளிர்க்கும்போது தோட்டங்களில் பெட்டி வைப்பார். பூச்சியியல் வகுப்பில் நியூட்டன் பெட்டி, மார்த்தாண்டம் பெட்டி என்று பாடம் வந்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. 1910-களில் திருச்சிப் பக்கம் கிராமத்து ஜனங்களுக்குத் தேனீ வளர்ப்பு கற்றுக்கொடுத்த நியூட்டன் ஒரு பாதிரியார். மார்த்தாண்டத்தில் அதைப் பரப்பியது ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையம். மரபியல் பாடத்தின் முதல் பெயரான மெண்டலும் மடத்துத் துறவிதான். விஞ்ஞானம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் வரும், எனக்கும் உண்டு. அதையும் ஜெபத்தில் சொல்லலாம்.

படிப்பையும் ஜெபத்தையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு வலித்த இடம். நான் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினேன், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. சொந்தக்காரர் ஒருவர், "ஜெபம் பத்தலையோ மக்களே" என்று கேட்டார். அதே மாதம் சபையில், கர்த்தர் எங்கள் பிள்ளைக்கு சீட் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார்கள். அவர்கள் நன்றி சொன்னது சரிதான். ஆனால் என் ஜெபம் எங்கே போனது? பதில் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசி எழுதிய புத்தகத்தின் கடைசி அதிகாரம்தான் கூட இருந்தது: "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்று தொடங்கி, வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடியும். ஒரு விவசாயக் குடும்பம் மொத்தமாக நொடித்துப்போகும் நிலைமை அது. எல்லாம் போன பிறகும் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கிறான் அந்த மனுஷன். மார்க்குக்கும் சீட்டுக்கும் ஜெபிக்கலாம், நானும் பரீட்சைக்கு முன்னால் ஜெபிக்கிறேன். மார்க்கை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், உங்களுடையதையும் சேர்த்துத்தான்.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனசு வரவில்லை. ஜெபக்குழுவில் என் நெருங்கிய தோழி தலித் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் தமிழ்நாட்டில் அவள் பி.சி. பட்டியலில் வருகிறாள், மதம் மாறாத அவளுடைய சித்தப்பா பிள்ளைகள் எஸ்.சி. இதைவிட அவளுக்கு வலிப்பது, ஊரில் சபைக்குள்ளேயே சாதி பார்ப்பது. "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றுன்னு இங்க பாடறோம், கல்யாணம்னா எங்க தெருவுக்கு யாரும் வர மாட்டாங்க" என்றாள். அவளைச் சந்திக்காவிட்டால் இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். நம் தலைமுறை இதை மாற்றாமல் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். யாருக்கும் அட்டெண்டன்ஸ் ப்ராக்ஸி கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் கேட்க மாட்டார்கள். ரெக்கார்டை ஈயடிச்சான் காப்பி அடிக்கக் கொடுப்பதற்குப் பதிலாக, நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தோழமையும் கெடாது.

ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் கொஞ்சம் திட்டம் வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை சில சமயம் ஞாயிறு காலையில் விழும். நான் என் பேட்சில் பேசி மாற்றிக்கொண்டேன்: ஞாயிற்றுக்கிழமை என் முறையை அவர்கள் பார்ப்பார்கள், கார்த்திகை தீபத்துக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்கள் வயலை நான் பார்ப்பேன். லாலி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதமலைக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம் நிற்கும், நான் எதிர்ப்பக்கம் டவுன் பஸ்ஸுக்கு நிற்பேன். வகுப்புத் தோழர்கள் அந்தப் பக்கமிருந்து கையசைப்பார்கள்.

போன உடனே, முதல் வாரத்திலேயே, ஒரு சபையையும் ஒரு மாணவர் குழுவையும் கண்டுபிடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் தள்ளிக்கொண்டே போகும். கத்தோலிக்கராக இருந்தால் ஐகஃப் என்கிற கத்தோலிக்க மாணவர் அமைப்பு பல கல்லூரிகளில் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு 1954-இல் ஆரம்பித்த யூ.இ.எஸ்.ஐ. என்கிற சுவிசேஷ மாணவர் ஐக்கியம் உண்டு, ஈ.யூ. என்று சொல்வார்கள். வளாகத்துக்குள் கூடுவதற்கு அனுமதி இல்லாத இடங்களில், படித்து முடித்து வேலையில் இருக்கும் அக்கா அண்ணன்மார் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். பாட்டு, வேதபாடம், ஜெபம், கடைசியில் டீயும் நேந்திரங்காய் வறுவலும். ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டு அலுத்தவர்களுக்கு அந்த அக்கா வைக்கும் ரசம் சோறும் உண்டு.

எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று முடிவானதும் கமெண்டில் எழுதுங்கள். அங்கே சனிக்கிழமை கூடுகை எங்கே நடக்கிறது என்று எங்கள் சீனியர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.