யுனெஸ்கோன்னா பலகை மாட்டுற ஆபீஸா? - கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஐ.நா. அமைப்புகள் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். யுனெஸ்கோன்னா எனக்குத் தெரிஞ்சு பழைய கோயிலுக்கும் கோட்டைக்கும் பாரம்பரியச் சின்னம்னு பலகை மாட்டுற ஆபீஸ், அவ்ளோதான். அமெரிக்காவே மறுபடியும் வெளிய போறேன்னு 2025ல சொல்லிடுச்சு. ஐரோப்பாக்காரங்க மட்டும் ஏன் அதுக்குக் காசு கொட்டிக்கிட்டு இருக்காங்க? அதுக்கு ஜெனீவாவுல அணுத்துகளை ஆராயுற செர்ன் மாதிரி உருப்படியா ஏதாச்சும் பண்ணலாம்ல, நடராஜர் சிலை எல்லாம் வச்சிருக்காங்களே அந்த லேப். ஆனா அவங்களும் ரஷ்யாவை வெளிய அனுப்பிட்டாங்கன்னு படிச்சேன். அப்ப ஒத்துழைப்புன்னு பேசறதெல்லாம் சும்மாதானா?

- ர., ஈரோடு

அன்புள்ள ர.,

நீங்க செர்னை இழுத்தது எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு, ஏன்னா அதுவே யுனெஸ்கோ கூட்டத்துல ஆரம்பிச்ச விஷயம்தான். நடராஜர் 2004ல இந்திய அரசு குடுத்த பரிசு, அதை வச்சு வாட்ஸப்புல எத்தனையோ கதை ஓடுது, ஆனா அந்த லேப் எப்படி வந்துச்சுன்னு ஒரு ஃபார்வர்டு கூட எனக்கு வந்ததில்ல.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம் ஐரோப்பா இயற்பியல் படு மோசமான நிலைமையில இருந்துச்சு. பெரிய தலைங்க பாதிப் பேர் அமெரிக்கா போயாச்சு, அணுத்துகளை அசுர வேகத்துல ஓட வைக்கிற துகள் முடுக்கி கட்டுற செலவு எந்த ஒரு நாட்டாலயும் தனியாத் தாங்க முடியாது, சேர்ந்து கட்டலாம்னா நேத்து வரைக்கும் குண்டு போட்டுக்கிட்டவங்க யாரு யாரைக் கூப்பிடுறது? 1949 டிசம்பர்ல லோசான்ல நடந்த மாநாட்டுல பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி த பிராய் எழுதி அனுப்பின யோசனையைப் படிச்சாங்க, எல்லாரும் சேர்ந்து ஒரு லேப் வைக்கலாம்னு. எல்லாரும் நல்ல யோசனைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

அடுத்த வருஷம் ஜூன்ல ஃப்ளாரன்ஸ்ல யுனெஸ்கோ பொது மாநாடு. அங்க இசிடோர் ராபி, நோபல் வாங்கின அமெரிக்கர், ஒரு தீர்மானம் கொண்டு வந்தாரு: வட்டார அளவுல கூட்டு ஆய்வகங்கள் அமைக்க யுனெஸ்கோ உதவலாம். அவ்ளோதான் சாராம்சம். அமெரிக்காக்காரருக்கு இதுல என்ன அக்கறைன்னா, வெறும் தர்ம சிந்தனைன்னு நான் நம்பல, பனிப்போர் ஆரம்பிச்ச நேரத்துல மேற்கு ஐரோப்பா நொண்டிக்கிட்டு இருக்குறது அவங்களுக்கும் நல்லதில்லைங்கிற கணக்கு இருந்திருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

ஆனா அந்தத் தீர்மானத்தாலதான் யுனெஸ்கோவோட இயற்கை அறிவியல் துறைத் தலைவர் பியர் ஓஜே கையில ஒரு அதிகாரம் வந்துச்சு. இத்தாலியோட எதுவார்தோ அமால்தியும் அவரும் ஒவ்வொரு அரசாங்கமாப் பேசிப் பேசி, 1951 டிசம்பர்ல பாரிஸ்ல உட்கார வச்சு, 1952 பிப்ரவரியில 11 நாடு ஒரு தற்காலிக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு. மேற்கு ஜெர்மனியும் அதுல உண்டு, போர் முடிஞ்சு ஏழே வருஷம்ங்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க. பிரிட்டன் வழக்கம்போல வாசல்லயே நின்னு பாத்துட்டு அப்புறமா உள்ள வந்துச்சு. 1953 ஜூலையில 12 நாடுங்க முழு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, 1954 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதோட யுனெஸ்கோ ஒதுங்கிக்கிச்சு. நல்ல கல்யாணத் தரகர் பண்ற வேலைதான் இது, ரெண்டு வீட்டையும் பேச வச்சுட்டு பந்தியில கூட முன்வரிசை கேக்காம போயிடறது. இதுக்கு பெரிய பட்ஜெட் வேணாம், ஆனா எல்லாரும் நம்புற ஒரு பொது ஆள் வேணும். ஐரோப்பாக்காரங்க குடுக்குற காசு அதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன்.

நடுவுல ஒரு கூத்து, ஜெனீவா மக்கள்ல ஒரு பகுதி இது அணுகுண்டு ஃபேக்டரியா இருக்குமோன்னு பயந்து, 1953 ஜூன்ல வாக்கெடுப்பு வரைக்கும் போச்சு. 16,539 பேர் வேணும், 7,332 பேர் வேணாம். ஒப்பந்தத்துலயே ராணுவத் தேவைக்கான வேலையே கிடையாது, ஆய்வு முடிவு எல்லாம் வெளியிடணும்னு எழுதினாங்க. நீங்க எனக்குக் கடிதம் அனுப்பின இந்த வெப்பை 1993ல யாருக்கும் காசில்லாமத் திறந்து விட்டதும் அதே லேப்தான்.

இதோட முடியல. பெர்லின்ல பெஸ்ஸின்னு ஒரு சின்க்ரோட்ரான் இருந்துச்சு, அதாவது எலக்ட்ரானை வளையத்துல சுத்த விட்டு எக்ஸ்ரே மாதிரி தீவிரமான ஒளியை உண்டாக்குற கருவி, பழசாகி மூடப் போறாங்கன்னு தெரிஞ்சதும், அதை மேற்காசியாவுக்குக் குடுத்தா என்னன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கேட்டாங்க. செர்ன் முன்னாள் தலைவர் ஹெர்விக் ஷாப்பர் பொறுப்பெடுத்தாரு, 2002ல யுனெஸ்கோ நிர்வாகக் குழு ஒப்புதல் குடுத்துச்சு, செர்ன் மாடலை அப்படியே எடுத்து ஜோர்டான்ல செசமின்னு ஒரு லேப் வந்துச்சு. இஸ்ரேல், ஈரான், பாலஸ்தீனம், எகிப்து, துருக்கி, பாகிஸ்தான், சைப்ரஸ், ஜோர்டான், இத்தனை பேரும் ஒரே கவுன்சில்ல. நம்ப முடியுதா? ஈரான் சந்தா கட்டலாம்னா பொருளாதாரத் தடையால பேங்க்ல பணம் அனுப்ப வழியில்ல. 2010ல செசமி வேலையில பங்கெடுத்த ரெண்டு ஈரானிய இயற்பியலாளர்களை தெஹ்ரான்ல கொன்னுட்டாங்க. 2013ல பனி கொட்டி கட்டடத்துக் கூரையே இடிஞ்சு விழுந்துச்சு. அப்படியும் 2017 மே மாசம் திறந்தாங்க. முக்கிய வளையத்துக்கான காந்தங்களை ஐரோப்பிய ஒன்றியத்தோட 50 லட்சம் யூரோவுல செர்ன் செஞ்சு குடுத்துச்சு. பழைய எலும்பு, தொல்பொருள் மாதிரி விஷயங்களை உடைக்காம உள்ள பாக்குற எக்ஸ்ரே கருவி ஒன்னும் ஐரோப்பியக் காசுலதான் 2023ல வந்துச்சு. இதனால அங்க சமாதானம் வந்துடுச்சான்னா, வரல. அதுக்காக அதைக் கட்டவும் இல்லன்னுதான் நான் சொல்வேன்.

ரஷ்யா விஷயம். பனிப்போர் உச்சத்துல, 1967லயே செர்ன் சோவியத்தோட ஒப்பந்தம் போட்டு அவங்க செர்புகோவ் முடுக்கியில சேர்ந்து வேலை பாத்துச்சு. உக்ரைன் போருக்கு அப்புறம் ரஷ்யாவோட ஒப்பந்தத்தை 2024 நவம்பரோட முடிச்சுக்கிட்டாங்க. உக்ரைனும் அங்க இணை உறுப்பினர், அவங்க மூஞ்சியைப் பாத்து வேற என்ன சொல்ல முடியும்ங்கிறது புரியுது. இருந்தாலும் எந்த நாட்டு ஆய்வு நிலையத்துல வேலை பாக்குறாருன்னு பாத்து ஆளைத் தடுத்தது எனக்கு உடன்பாடில்ல, போரை முடிவு பண்றது அந்த விஞ்ஞானிங்க இல்லையே. அதுலயும், மாஸ்கோ பக்கத்துல இருக்குற துப்னா சர்வதேச அணு ஆய்வு நிலையத்தோட ஒப்பந்தத்தை மட்டும் வெட்டாம வச்சுக்கிட்டாங்க. அது பல நாடு சேர்ந்த அமைப்புங்கிறது அவங்க சொன்ன காரணம், உக்ரைன் அதையும் எதிர்த்துச்சு.