தைப்பிங் மழையை நம்பி பகாவில் உரம் போடலாமா?

கேள்வி: நெகிரி செம்பிலான், பகாவ் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. தைப்பிங்கில் இருக்கும் மச்சான் ஜனவரியில் யூரியா போட்டார், நானும் அதே வாரம் போட்டேன். அவர் மரம் பச்சைப்பசேல் என்றிருக்கிறது, என் மரத்து மட்டை மஞ்சளாகவே நிற்கிறது. உரம் கலப்படமா?

உரத்தைச் சந்தேகிக்கும் முன் மழையைப் பாருங்கள் ஐயா. தீபகற்ப மலேசியாவில் அதிகம் நனையும் ஊர்களில் தைப்பிங் ஒன்று. ஆண்டுக்கு சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்யும். புக்கிட் லாருட் மலை மேகத்தைத் தடுத்து அங்கேயே கொட்ட வைக்கிறது. உங்கள் பக்கம் கதையே வேறு. நெகிரி செம்பிலான் உட்பகுதி மலைகளுக்கு நடுவே மறைந்து கிடக்கிறது. ஜெலுபு, கோலா பிலா வட்டாரம் நாட்டிலேயே மழை குறைந்த இடம், தைப்பிங்கில் பாதிகூட வராது. தென்மேற்குக் காற்றின் ஈரத்தையும் சுமத்ரா மலைகள் முதலிலேயே வாங்கிக்கொள்கின்றன.

ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் மண் காய்ந்திருக்கும். மரத்தைச் சுற்றி வட்டத்தில் போட்ட வெள்ளை யூரியா மணிகள் அப்படியே கிடந்து, விடியற்காலைப் பனியில் கசிந்து, பிறகு வெயிலில் அம்மோனியாவாக ஆவியாகிவிடும். மூக்கைத் துளைக்கும் வாடை வந்திருந்தால் உங்கள் காசு காற்றில் போனது என்று அர்த்தம்.

மண் ஏற்கெனவே ஈரமாக இருந்து, அடுத்த ஓரிரு நாளில் நல்ல மழை ஒன்று வரும் என்று தெரிந்தால்தான் யூரியா போட வேண்டும். உங்கள் ஊருக்கு இடியும் மாலை மழையும் வரும் ஏப்ரல், அப்புறம் அக்டோபர் நல்ல காலம். ஆனால் விடாமல் கொட்டும் வாரத்தில் போடாதீர்கள், அது நேராக வாய்க்காலுக்குப் போய்விடும். மச்சானுக்கு இதுதான் பெரிய கவலையாக இருக்கும்.

ஒரு மழைமானி வையுங்கள். நேரான பக்கமுள்ள டின்னைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் அடிக்கோலால் அளந்து நோட்டில் எழுதினால் போதும். மாதம் 100 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் செம்பனை தாகப்படும். அந்த வறட்சி குலையில் தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம், ஏனென்றால் பெண் பூதான் குலையாகும், பூ ஆணா பெண்ணா என்பது அவ்வளவு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று. மஞ்சள் கீழ் மட்டையில்தானா, வெயில் படும் இலை மஞ்சளாகவும் நிழலில் இருப்பது பச்சையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது மக்னீசியக் குறை. அதற்கு யூரியா உதவாது, கீசரைட் என்ற மக்னீசிய உரம்தான் வேண்டும்.