டேப்லெட் யாருடையது?

கேள்வி: டீச்சரம்மா, வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஆறரை வயது, மகளுக்கு மூன்று முடிந்திருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், பொங்கலுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டேப்லெட் வாங்கி வருவதாகச் சொல்கிறார். என் போனுக்காக இரண்டு பேரும் தினமும் அடித்துக்கொள்கிறார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் சண்டை ஓயும், படிப்புக்கும் உதவும் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்றால் கொழுந்தனார் வருத்தப்படுவார். என்ன செய்யட்டும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புங்கள் அம்மா. இந்த வயதில் இரண்டு பேருக்குமே சொந்தமாக டேப்லெட் வேண்டாம். கொழுந்தனாரிடம் ஒன்றே ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவும் பிள்ளைகளுக்கு என்று இல்லாமல், வீட்டுக்கு என்று சொல்லிக் கொடுக்கட்டும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்கள் கணவர் கேட்கலாம். 31 வருடம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். வகுப்பின் பொது டப்பாவில் இருக்கும் கலர் பென்சிலைத் திருப்பி வாங்கி வைத்தால் எந்தப் பிள்ளையும் அழாது. தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பென்சிலை எடுத்து வைத்துவிட்டால், பள்ளி விடும்வரை விசும்பிக்கொண்டே இருக்கும். வீட்டு டிவியை நீங்கள் அணைத்தால் மகன் கொஞ்ச நேரம் முணுமுணுப்பான். அவனுடைய டேப்லெட்டை வாங்கி வைத்தாலோ, அவன் கண்ணுக்கு நீங்கள் அவன் பொருளைப் பிடுங்கியவர். போதும் என்று தானாக நிறுத்தும் பக்குவம் ஆறு வயதில் வந்திருக்காது. நிறுத்துகிற வேலை நம்முடையது. அப்படியானால் பொருளும் நம்முடையதாகவே இருக்கட்டும்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான ஐ.ஏ.பி., 2 வயது வரை திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் பெரியவர்கள் கூட இருந்து; 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், 2 முதல் 4 வயதுக்காரர்களுக்கு அதே 1 மணி நேரம்தான், குறைந்தால் இன்னும் நல்லது என்றது. டிவி, போன் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மாலையில் சீரியல் ஓடும்போது மகள் மடியில் உட்கார்ந்து பார்த்தால் அதுவும் சேரும். ஆளுக்கு ஒன்று கையில் இருந்தால் இதையெல்லாம் யார் கணக்கு வைப்பது?

படிப்புக்கு உதவும் என்பதில் மூன்று வயதுக்காரிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வயதுக் குழந்தைகள் திரையில் பார்ப்பதைவிட, நேரில் ஒருவர் சொல்லிக் கொடுப்பதில்தான் அதிகம் கற்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். வீடியோ பார்த்துப் பார்த்து நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் வரிசையாகப் பாட்டாகவே பாடுவான். டப்பாவிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துவா என்றால் அப்படியே நிற்பான். உங்கள் மகளுக்கு ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் கொடுங்கள், விரலால் 'ட' போடட்டும். முறுக்கு மாவைக் கிள்ளி உருட்டட்டும். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அப்படித்தான் பலப்படும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மகள் வேலைக்குப் போன மாதங்களில் என் பேரன் என்னிடம் இருந்தான். இரண்டரை வயது. போனைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். பத்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகும், எனக்கும் நிம்மதி. ஒருநாள் ஊட்டி முடித்துவிட்டு, "என்ன சாப்பிட்டே கண்ணா?" என்று கேட்டேன். பருப்பு சாதமா, தயிர் சாதமா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியிருக்கிறது. பசித்ததும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. அன்றே நிறுத்தினேன். நான்கு நாள் சரியாகவே சாப்பிடவில்லை, எனக்கும் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் தட்டில் கையை வைத்துத் தானே பிசைந்தான். அதனால் உங்கள் வீட்டில் வேறு எந்த விதி தளர்ந்தாலும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் டேப்லெட் வரவே கூடாது. படுக்கும் அறைக்கும் வேண்டாம். ஹாலில் பார்க்கட்டும். சார்ஜர் சமையலறை மேல் அலமாரியில் இருக்கட்டும்.

சரி, கொழுந்தனார் விஷயம். தூரத்தில் இருப்பவர், பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பாசம். அதை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அந்த டேப்லெட்டில் சித்தப்பா வீடியோ காலில் வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும். சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலை மருத்துவர்களே விலக்காக வைத்திருக்கிறார்கள். இரண்டாவது டேப்லெட்டின் பணத்தில் மகனுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரலாம், வெளியில் போய் ஓட்டட்டும். தைவானில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போனபோது, 2010-இல், தினமும் 120 நிமிடம் அவர்களை வெளியில் விடும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வெளி வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவு நல்லது.

அண்ணன் தங்கை சண்டை முழுசாக ஓயாது. ஒரே டேப்லெட்டில் என்ன பார்ப்பது என்று அடித்துக்கொள்வார்கள், அப்புறம் ஒட்டி உட்கார்ந்து பார்த்து ஒன்றாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக அந்தச் சண்டையைப் பொறுத்துக்கொள்ளலாம் அம்மா.

கேள்வி: பாப்பாவுக்கு 4 வயது. போன வருடமே டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம். இப்போது கையிலிருந்து வாங்கினால் தரையில் விழுந்து அழுகிறாள். எப்படி மீட்பது? எனக்கு ஷிஃப்ட் வேலை.
- வாசகர், நெய்வேலி

பதில்: முதலில் அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளே வசதியை அணையுங்கள். முடிவே இல்லாமல் ஓடினால், எங்கே நிறுத்துவது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற செயலி, ஐபேட் என்றால் அதன் செட்டிங்ஸிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம். இரண்டிலுமே தினசரி அளவும் இரவில் பூட்டும் நேரமும் வைக்கலாம். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று சொல்லாதீர்கள், நான்கு வயதுக்கு நிமிடம் புரியாது. "இந்த யானைக் கதை முடிந்ததும் நீயே கொண்டுபோய் அலமாரியில் வை" என்று சொல்லுங்கள். உடனே அவள் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும்: உரிக்கப் பட்டாணி, ஊற்றச் செடிக்குத் தண்ணீர். முதல் வாரம் நிச்சயம் அழுவாள். உங்களுக்குக் காலை ஷிஃப்ட் வரும் வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். மாலையில் அழும்போது தூக்கி வைத்துக்கொள்ள நீங்களும் வீட்டில் இருப்பீர்கள்.