ஸ்பானிஷ் படிக்கப் போகிற மகள் டான்ஜியருக்கு ஒருநாள் போய்வரலாமா?

கேள்வி: மகள் ஸ்பெயினின் காதிஸ் நகரில் 8 வாரம் ஸ்பானிஷ் படிக்கப் போகிறாள். வகுப்பு மதியம் வரைதான். ஒரு ஞாயிறு கப்பல் ஏறி மொராக்கோவின் டான்ஜியரையும் பார்த்து வரலாம், ஷெங்கன் விசாவே (ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) போதும் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஸ்பெயினின் தாரிஃபா துறைமுகத்திலிருந்து கப்பலில் டான்ஜியர் ஒரு மணி நேரம்தான். போவது சுலபம், வருவதில்தான் வம்பு. மொராக்கோ ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘01’ என்றிருந்தால், தாரிஃபாவில் வெளியேறியதுமே அந்த விசா முடிந்தது; நாள் எத்தனை மிச்சமிருந்தாலும் சரி. பெட்டியும் புத்தகமும் காதிஸ் அறையில் கிடக்க, மகள் டான்ஜியரில் நிற்பாள்.

‘மல்ட்’ (MULT, அதாவது பலமுறை நுழைவு) என்றிருந்தால் திரும்ப நுழையலாம். ஆனால் அப்போதும் இந்தியர்களுக்கு மொராக்கோ விசா தனியாக வேண்டும். அதுவும் கையில் இருந்தாலும் லெவாந்தே என்கிற கீழைக்காற்று பலமாக அடித்தால் தாரிஃபா கப்பலை நிறுத்திவிடுவார்கள். திங்கள் வகுப்பு போச்சு. ‘மல்ட்’ வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் தனிக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதை முடிவு செய்வது தூதரகம், அவரல்ல.

நாள் கணக்கையும் அவரிடம் விடாதீர்கள். 8 வாரம் என்றால் 56 என்று போட்டுவிடுவார். சனிக்கிழமை போய் இறங்கி, எட்டாம் வார வகுப்பு முடிந்து ஞாயிறு கிளம்பினால் 58 நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. விசாவில் ‘முதல்–வரை’ தேதிகளுக்கு நடுவே கூடுதலாகப் பதினைந்து நாள் தெரியும். அது பயணத் தேதி தள்ளிப்போனால் உதவ, தங்குவதற்கு அல்ல. தங்கும் நாள் தனிக் கட்டத்தில் இருக்கிறது, அதுவே செல்லும்.

விண்ணப்பத்தில் நோக்கம் ‘சுற்றுலா’ என்று எழுதவிடாமல், பள்ளியின் சேர்க்கைக் கடிதத்தை இணையுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஸ்லாட், அதாவது விண்ணப்பம் கொடுக்கும் நேர முன்பதிவு, கிடைக்க வேண்டுமே! தரகர்கள் மொத்தமாக மடக்கி வைத்து விற்கிறார்கள், கேட்பாரில்லை. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. அதற்குமேல் சேவைக் கட்டணம் உண்டு. ‘ஸ்லாட் கட்டணம்’ என்று ஒன்று கிடையாது.

ஊருக்குள் பார்க்கவே நிறைய இருக்கிறது. காதிஸ் அருங்காட்சியகத்தில் 1887இலும் 1980இலும் கிடைத்த ஃபினீசியர் (பழங்காலக் கடல் வணிகர்கள்) காலக் கல் சவப்பெட்டிகள் இரண்டு, ஒன்று ஆண் உருவம், ஒன்று பெண் உருவம். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. தாவிரா கோபுரத்தில் இருட்டறைக்குள், லென்ஸும் கண்ணாடியும் கொண்டு, ஊரை நேரலையாக வெள்ளைப் பரப்பில் விழவைத்துக் காட்டுவார்கள். நேரம் குறித்துத்தான் விடுவார்கள், முன்பதிவு செய்யுங்கள். மதியம் வகுப்பு விட்டதும் கடைக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சிறு கடைகள் பல 2 மணி வாக்கில் கதவடைத்தால் திறக்க 5 ஆகும். அந்த நேரத்துக்குக் கடற்கரைக் கோட்டைப் பக்கம் நடக்கலாம்.