மருத்துவர் பதில்: எடையைப் பற்றிப் பேசினாலே கணவர் எழுந்து போய்விடுகிறார்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்து பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். உயரம் 168 செ.மீ., எடை 96 கிலோ. போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் பிபி 146/94, மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. ராத்திரி குறட்டைச் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. எடையைக் குறைங்க என்று சொன்னால் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார். "எங்கப்பாவும் குண்டாத்தான் இருந்தாரு, எழுபது வயசு வரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்கிறார். 12 வயது மகனும் 61 கிலோ இருக்கிறான். அவன் கழுத்தைச் சுற்றிக் கருப்பாகப் படர்ந்திருக்கிறது, என்ன தேய்த்தும் போகவில்லை. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தக் குறட்டையிலிருந்துதான் தொடங்கவேண்டும். இன்றைக்கு ராத்திரி அவர் தூங்கி ஒரு மணி நேரம் ஆனதும் போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். சத்தம் மட்டும் பதிவானால் போதாது, நெஞ்சும் வயிறும் தெரியவேண்டும். குறட்டை ஏறிக்கொண்டே போய் சட்டென்று நின்று, நெஞ்சு எழும்பித் தாழ்ந்தும் மூச்சு வராமல் பத்து இருபது விநாடி அமைதியாகி, அப்புறம் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு இழுக்கிறாரா என்று பாருங்கள். இழுத்தால், அது தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கழுத்திலும் நாக்கைச் சுற்றியும் சேர்ந்த கொழுப்பு, தூக்கத்தில் தசை தளர்ந்ததும் மூச்சுக் குழாயை அமுக்கிவிடுகிறது. மணிக்கு 30 முறையும் அதற்கு மேலும் இப்படி ஆனால் தீவிரம் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பும், பிபி எகிறும். எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் தலை பாரமாக இருக்கிறது என்கிறாரா, மத்தியானம் மெஷின் சத்தத்துக்கு நடுவிலேயே கண் சொக்குகிறதா, வண்டி ஓட்டும்போது தூக்கம் வருகிறதா, இதையெல்லாம் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது உண்மையென்றால் அவர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

சரி, அவரிடம் இதை எப்படிச் சொல்வது? தொப்பை, எடை, குண்டு என்ற சொற்களைக் கொஞ்ச நாள் வீட்டில் யாரும் எடுக்கவேண்டாம். காலையில் டீ குடிக்கும்போது, "ஏனுங்க, நேத்து ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். குண்டா இருக்கீங்க என்று கேட்டால் எழுந்து போகிற மனுஷன், பயமா இருக்குது என்று கேட்டால் அனேகமாக உட்காருவார். என்னிடம் வருகிற ஆண்களில் பலர் இப்படி மனைவி எடுத்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் முறை வந்திருக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குத்திக்காட்டினால் எடை குறையும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விசேஷத்துக்குப் போனால் முதல் விசாரிப்பே "என்ன இப்படி ஊதிட்டே" என்பதுதான், அன்பில் கேட்கிறார்கள், ஆனாலும் அதைக் காதில் வாங்குகிறவருக்கு வலிக்கிறது. இங்கிலாந்தில் சுமார் 2,900 பேரை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்ததில், எடைக்காகத் தங்களை மட்டமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ கிட்ட கூடியிருந்தது, மற்றவர்களுக்கோ கொஞ்சம் குறைந்திருந்தது. 2014-ல் வந்த ஆய்வு இது. அவமானப்பட்டவர் நடக்கப் போவதில்லை, யாரும் பார்க்காத இடத்தில் போய்ச் சாப்பிடுவார். மருத்துவர்களும் இந்தத் தப்பைச் செய்கிறோம். "முதல்ல வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிட்டால் அவர் திரும்ப வரவே மாட்டார்.

அவருடைய அப்பாவைப் பற்றி. அந்தக் காலத்தில் அவருக்கு 43 வயதில் யாராவது சர்க்கரை பார்த்தார்களா? கல்லீரல் ஸ்கேன் எடுத்தார்களா? பார்க்காததை ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறோம். அதோடு அவர் சைக்கிள் மிதித்திருப்பார், மூட்டை தூக்கியிருப்பார், ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

உங்கள் கணவருக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு, 34 வருகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு வைத்த 30 என்ற கோடு நமக்குப் பொருந்தாது, ஏனென்றால் அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு, அதுவும் வயிற்றுக்குள் போய்ச் சேருகிற கொழுப்பு. அதனால் எடையைவிட இடுப்புச் சுற்றளவை நான் அதிகம் நம்புவேன். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. பேண்ட் அளவைக் கேட்காதீர்கள், எல்லோரும் தொப்பைக்குக் கீழே பேண்ட்டை மாட்டிக்கொண்டு "என் சைஸ் 36 தான்" என்பார்கள். உங்கள் வீட்டில் இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல் சாதாரணமாக விட்டபிறகு, வெறும் உடம்பில் சுற்றி அளக்கவேண்டும்.

பிபி, சர்க்கரை, கல்லீரல், குறட்டை என்று நான்கு தனித்தனி நோயாகத் தெரிகிறதே, இவற்றுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே வயிற்றுக் கொழுப்புதான். அது கல்லீரலில் ஏறி இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. அப்படியே விட்டால் சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, சிலருக்குக் கல்லீரல் சுருக்கம், குடல் புற்றுநோய் வரை போகும். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் ஆண்களில் 37 சதவீதமும் பெண்களில் 40 சதவீதமும் அதிக எடையில் இருந்தார்கள், அதுவும் பிஎம்ஐ 23-ஐ விட்டு 25 என்ற கோட்டை வைத்துப் பார்த்தே. ஒரு தெருவில் இத்தனை பேருக்கு ஒரே மாதிரி ஆகும்போது, அதை ஒவ்வொருத்தரின் நாக்குக் கட்டுப்பாட்டின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

நல்ல செய்தி, அவர் 70 கிலோவுக்கு வரவேண்டியதில்லை. ஆறு மாதத்தில் ஏழு கிலோ, அதாவது 89. அந்த அளவுக்கே பிபி இறங்கும், கல்லீரல் கொழுப்பு குறையும். முழங்காலைப் பொறுத்தவரை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் நாலு கிலோ பாரம் குறைகிறது. 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், எடையில் 7 சதவீதத்தை இலக்காக வைத்து வாரம் 150 நிமிடம் நடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஷிப்மென்ட் நாட்களில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று எனக்குத் தோராயமாகத் தெரியும். யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி, வருகிறவர் போகிறவர் எல்லோரோடும் ஒரு டீ, கூடவே ஒரு பப்ஸோ தேங்காய் பன்னோ. நாளுக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 60 கிராம், 240 கலோரி, ஆனால் சாப்பிட்ட கணக்கிலேயே வராது. அப்புறம் ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா, இல்லை வீட்டுக்கு வந்து ஆறு தோசை, உடனே படுக்கை. இதில் டீயை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவருடைய தொழில் நட்பு. சர்க்கரையை மட்டும் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வரட்டும், ஒரு மாதத்தில் பழகிவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு யூனிட்டுக்கே ஒரு டப்பாவில் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ, கொள்ளுப் பருப்போடு கொஞ்சம் சாதமோ போகட்டும். பத்தரைக்குப் பசியோடு வருகிறவரிடம் எந்தப் புத்திமதியும் எடுபடாது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள், கொள்ளு கொழுப்பைக் கரைக்காது, ஆனால் புரதமும் நாரும் இருப்பதால் வயிறு தாங்கும். சிறுதானியத்திலும் அரிசி அளவுக்குத்தான் கலோரி, அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் ஏறும். எண்ணெயைத் தாளிக்கும்போது பார்க்காதீர்கள், வாங்கும்போது பாருங்கள்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

நடையும் அப்படித்தான், "வாக்கிங் போங்க" என்று சொல்லாமல் "வாங்க, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று நீங்களும் செருப்பை மாட்டுங்கள். முதல் வாரம் சாப்பிட்டபிறகு பத்து நிமிடம் போதும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்லவேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 வேலைக்குப் போகிற ஆண்கள், உங்கள் கணவர் மாதிரியேதான். பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிச் சின்னச் சின்ன மெசேஜ் செல்போனுக்குத் தொடர்ந்து போனது, அவ்வளவே. இரண்டு வருடத்தில் மெசேஜ் வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, மெசேஜ் வந்தவர்களில் 18 பேருக்கு. திட்டு இல்லாத, சுருக்கமான, விடாத நினைவூட்டலுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

எடை குறைக்கிற ஊசி பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன, உங்கள் கணவர் நிலையில் இருப்பவருக்கு மருத்துவர் யோசிக்கலாம். வாந்தி, மலச்சிக்கல் வரலாம், தசையும் கரையும், நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும். பரிசோதனை இல்லாமல் யாரோ சொன்னார் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. எடை குறைக்கிற பவுடர், மூலிகை டீ எதையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு பவுடரை மூன்று மாதம் குடித்துக் கண் மஞ்சளாகி வந்த ஒரு பெண்ணை நான் வார்டில் சேர்த்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மகன். அவன் கழுத்தைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துத் தோல் சிவந்து புண்ணான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாவம், ஸ்கூலில் அழுக்கு என்று வேறு கேலி. அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மேல் சுரக்கிறது என்பதன் அடையாளம், அக்குளிலும் இருக்கும் பாருங்கள். எடையும் இன்சுலினும் சரியானால் அதுவாக வெளுக்கும். அவனுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கல்லீரல் டெஸ்ட்டும் எடுத்து ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டயட் என்ற சொல்லே அவன் காதில் விழவேண்டாம். வளர்கிற பையன், எடை இதே அளவில் நின்று உயரம் ஏறினாலே பாதி சரியாகும். பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வீட்டுக்குள் வராமல் இருக்கட்டும், சாயங்காலம் டியூஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வெளியில் விளையாட விடுங்கள், போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கவேண்டாம்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள், பையனுக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறோம், நீங்களும் கூட வாங்க என்று. அதே நாளில் அவருக்கு பிபியை மறுபடி பார்த்துவிடலாம், வீடியோவைக் காட்டித் தூக்கப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிவிடலாம்.