பி.டி. மாஸ்டர் பதில்கள்: செயினை வைத்து ஷட்டில் ஆடலாமா?

கேள்வி: மாஸ்டர், என் மகளுக்கு 11 வயசு. ஷட்டிலில் அண்டர்-13 பிரிவில் ஜில்லா செமி பைனல் வரைக்கும் வந்துவிட்டாள். வாரத்தில் ஐந்து நாள் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போகிறோம், மாசம் 3,000 பீஸ். இப்போது கோச், "கோயமுத்தூரில் தனிக் கோச்சிங் சேருங்க, ஆல் இந்தியா ரேங்கிங் டோர்னமென்ட்டுக்கு அனுப்புங்க" என்கிறார். தனிக் கோச்சிங் மட்டும் 12,000. வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். நான் இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். என் அஞ்சு பவுன் செயினை பேங்கில் வைத்துவிடலாமா?
— ஒரு தாய், மீனாட்சிபுரம்

பதில்: செயின் கழுத்திலேயே இருக்கட்டும், அம்மணி. காரணத்தைச் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

ஷட்டில் டோர்னமென்ட் பெரும்பாலும் நாக்-அவுட், தோற்றால் அதோடு சரி. ஆட்டப் பட்டியலில் (டிரா) 64 பேர் என்றால் முதல் ரவுண்டு முடிந்ததும் 32 பேர் பெட்டி கட்ட வேண்டியதுதான். செஸ் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் சுவிஸ் முறை, தோற்ற பிள்ளைக்கும் அடுத்த ரவுண்டு உண்டு, கட்டின காசுக்குக் கடைசி நாள் வரை ஆடலாம். ஆல் இந்தியா போட்டியில் ரேங்க் இல்லாத பிள்ளை பெரும்பாலும் மெயின் டிராவுக்கு முந்தைய குவாலிஃபையிங் (தகுதி) சுற்றில்தான் இறங்கணும். முதல் நாள் காலையிலேயே தோற்றுப்போனால் ரயில் டிக்கெட், ரூம் வாடகை, இரண்டு பேர் சாப்பாடு, வீட்டுக்காரர் வண்டி எடுக்காத நாள்களின் வருமானம் எல்லாம் அந்த ஒரு ஆட்டத்துக்கே சரி. என்ட்ரி பீஸை மட்டும் பார்த்து "இவ்வளவுதானே" என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. ஒரு ஆட்டத்துக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். பாலக்காட்டிலோ பக்கத்துச் சித்தூரிலோ நடக்கும் போட்டிக்குக் காலை பஸ்ஸில் போய் ராத்திரி வீடு திரும்பலாம். சிங்கிள்ஸ், டபிள்ஸ் இரண்டிலும் பேர் கொடுத்தால் குறைந்தது இரண்டு ஆட்டம் கையில். ஜில்லாவில் ஜெயித்து, மாநிலப் போட்டியில் இரண்டு மூன்று ரவுண்டு தாண்டுகிற வரைக்கும் வெளிமாநிலப் பயணம் வேண்டாம்.

தனிக் கோச்சிங்குக்குப் பதில் சொல்லும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது போகிற இடத்தில் ஒருநாள் கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். இரண்டு கோர்ட், இருபது பிள்ளைகள் என்றால், ஒரு கோர்ட்டுக்கு நாலு பேராக எட்டுப் பேர்தான் உள்ளே. மீதிப் பன்னிரண்டு பேர் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டோ, வாட்டர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டோ இருப்பார்கள். உங்கள் மகள் ராக்கெட்டோடு கோர்ட்டுக்குள் நின்றது எத்தனை நிமிஷம்? அரை மணிகூட தேறவில்லை என்றால், கோயமுத்தூருக்கு மாறாமல், அதே ஊரில் கூட்டம் குறைந்த பேட்ச் கேளுங்கள். காலை ஐந்தரை பேட்ச் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். மாட்டுக்காரர் வீட்டில் அந்த நேரத்துக்கு எழுப்ப அலாரம் வேண்டாம்.

அடுத்தது இறகு. பந்து ஒன்றுக்கு 16 இறகு, ஒன்று ஒடிந்தாலும் பந்து கோணிக்கொண்டு பறக்கும். நல்ல பிராண்டில் பந்து அடைத்த டியூப் ஒன்று இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நம் பக்கம் மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உதடு வெடிக்கிறதே, அதே காற்றுதான் இறகையும் காயவைத்து உடைக்கிறது. முதல் நாள் சாயங்காலம், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் ஆவியில் டியூபின் இரண்டு வாயையும் சில விநாடி காட்டி, மூடி வைத்துவிடுங்கள். ரொம்ப நேரம் காட்டினால் இறகு கனத்துப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் பந்து கூடுதலாகத் தாங்கும். டிரில்லுக்கு எல்லாம் நைலான் பந்து போதும். இதை கோச்சிடம் தைரியமாகக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் ஒரு மூலையில் "இவளுக்கு ஒரு தம்பியும் இருக்கிறான்" என்று எழுதி அடித்திருந்தீர்கள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதவில்லை. சாயங்காலம் ஐந்து நாளும் அவன் யார் வீட்டில் இருக்கிறான்?

கேள்வி: என் பையன் 800 மீட்டர் ஓடுகிறான். ஓட்டத்துக்குச் செலவே இல்லை என்று நினைத்துச் சேர்த்தேன். இப்போது ஸ்பைக்ஸ் (ஆணி ஷூ), புரோட்டீன் பவுடர், சப்ளிமெண்ட் என்று பட்டியல் வருகிறது. வாங்கித்தான் ஆகணுமா?
— தென்னந்தோப்புக் கூலி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஸ்பைக்ஸ் வேணும், ஆனால் புதுசு வேண்டாம். வளர்கிற கால் ஒரு வருஷத்தில் சைஸ் தாண்டிவிடும். போன வருஷம் ஓடின அண்ணன்மாரிடம் கேளுங்கள், ஆணி மட்டும் புதுசு மாற்றினால் போதும். பவுடர் வேண்டவே வேண்டாம். முட்டை, கடலை, பாசிப்பயறு, வீட்டுப் பால். டப்பாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பின்னால் ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால் அவர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

நம் பாலக்காடு ஜில்லாவின் முண்டூரைப் பாருங்கள். பி.யு. சித்ரா கூலி வேலை பார்த்த பெற்றோரின் மகள். பள்ளி மைதானத்தில் வளர்ந்து, 2017-இல் புவனேஸ்வரிலும் 2019-இல் தோஹாவிலும் ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே பாலக்காட்டில் 2022 காமன்வெல்த்தில் நீளம் தாண்டுதலில் வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கருக்கு அப்பாவே கோச், அம்மாவும் ஓட்டக்காரர். எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் பரளியிலும் முண்டூரிலும் பள்ளி மாஸ்டர்கள் காலையில் ஓடவிட்டுத்தான் பேர் வாங்கினார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பின்னால் போங்கள். இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்குத் தயார் செய்யுங்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா பள்ளி இருக்கிறது. அங்கே சேர்ந்தால் தங்கல், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வீடு வேலந்தாவளத்தில் கேரளப் பக்கம். பையன் படிப்பது தமிழ்நாட்டுப் பள்ளியில். எந்த மாநிலத்துக்கு ஆடணும்? எதில் லாபம்?
— மளிகைக்கடைக்காரர்

பதில்: பள்ளிப் போட்டிக்கு வீடு எங்கே என்று பார்க்க மாட்டார்கள், பள்ளி எங்கே இருக்கிறதோ அந்த மாநிலம்தான். விளையாட்டுச் சங்கம் நடத்தும் போட்டி வேறு. அங்கே ஒரு மாநிலத்தில் பதிந்துவிட்டு இன்னொன்றில் ஆட முடியாது, மாற வேண்டுமானால் பழைய சங்கத்தின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேணும்.

லாபம் கேட்டீர்கள். கேரளத்தில் படித்து மாநில அளவுக்குப் போனால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க், அதாவது கூடுதல் மதிப்பெண். தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங்கில் விளையாட்டுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. ஒன்பதாம் வகுப்பிலேயே இதை மனசில் வைத்துப் பள்ளியை முடிவு செய்யுங்கள்.

அதைவிட அவசரம், பேர். கேரளச் சான்றிதழில் இனிஷியல் பேருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், பள்ளி மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து கூடுதல். நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இது தீராத வியாதி. பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே எல்லாவற்றிலும் இப்போதே திருத்துங்கள். போட்டி நாள் காலையில் வெரிஃபிகேஷன் மேஜை முன்னால் நின்றுகொண்டு திருத்த முடியாது.

கேள்வி: பேரன் ஸ்கேட்டிங் போகிறான். "இன்டர்நேஷனல்" போட்டியாம், என்ட்ரி 1,800. போன தடவை போனதில் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் மெடல் கொடுத்தார்கள். மறுபடி கட்டலாமா?
— ஒரு தாத்தா, கோவிந்தாபுரம்

பதில்: எல்லோருக்கும் மெடல் என்றால், அந்த 1,800-இல் மெடல் விலையும் சேர்ந்திருக்கிறது. எந்தச் சம்மேளனத்தின் அங்கீகாரம் என்று நடத்துகிறவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், ஐயா. அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் கோட்டாவுக்கும் ஆகாது, கிரேஸ் மார்க்குக்கும் ஆகாது. பையன் சந்தோஷத்துக்குத்தான் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் வீட்டில் மற்றவர்களிடம் "இன்டர்நேஷனல்" என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அடுத்த தடவை 3,000 கேட்பார்கள்.